சொந்தக் கோயிலுக்கு ஒரு வழிகாட்டி

“கைவிடப்பட்ட கோயில்” என்று உங்களில் யாராவது பஸ் மைக்கில் சொல்லி என் காதில் விழுந்தால், எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கிவிடுவேன். போன மாதம் அப்படித்தான் செய்தேன். புதிய வழிகாட்டிகளுக்கான பயிற்சிப் பயணத்தில் என்னையும் மரியாதைக்கு அழைத்திருந்தார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே தெரிந்த ஒரு கோயிலைக் காட்டி உங்களைப் போல ஒரு வழிகாட்டித் தங்கை அந்த வார்த்தையைச் சொன்னாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அவள் பாவம், ஏஜென்சி கொடுத்த தாளில் இருந்ததைத்தான் படித்தாள். அவளை அழவைத்ததில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் அப்படிக் கத்தினேன் என்பதைச் சொல்லாமல் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜார்ஜ்டவுனில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. அப்பாவும் குமாஸ்தாதான். பெண் பிள்ளை கையில் கொடியைத் தூக்கிக்கொண்டு வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் வெயிலில் நடப்பதைக் குடும்ப மானம் கப்பலேறிய கதையாகத்தான் வீட்டில் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை, நகைக்கடை எல்லாம் தாண்டி கோபுரத்துக்குக் கீழே நின்று பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. இரண்டு முழங்காலும் மக்கர் பண்ணும் வரைக்கும் அந்தத் தெருக்களிலேயே கிடந்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஏஜென்சி, எங்கள் தீவிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் ஒரு புதிய பயணத்தை ஆரம்பித்தது. பழைய தோட்டங்களில் இருக்கும் கோயில்களைச் சுற்றிக் காட்டும் பயணம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது நிபோங் திபாலுக்கு உள்ளே ஒரு மாரியம்மன் கோயில். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் தங்கள் கையாலேயே கட்டியது. தகரக் கூரை. வாசலில் சுதையில் செய்த இரண்டு காவல்காரர்கள். ஒருவன் வழக்கமான அரிவாள்காரன். இன்னொருவனுக்குத் தொப்பி, காலில் சுற்றிய துணிப்பட்டி, கையில் துப்பாக்கி. வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ்காரனைப் பார்த்து யாரோ ஒரு தோட்டத்துக் கொத்தனார் செய்து வைத்திருக்கிறார். பெரிய பெரிய கோபுரங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்ட விருந்தினர்கள் அந்தப் போலீஸ்காரனைப் பார்த்ததும் விழித்துக்கொள்வார்கள்.

தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் புக்கிட் தெங்கா பக்கம் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போய், தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தார்கள். புதிய நிறுவனம் பாதையில் இரும்பு கேட் போட்டது. செம்பனைப் பழக்குலை திருட்டுப் போகிறதாம், வெளியாட்கள் நுழையக் கூடாதாம். வெள்ளிக்கிழமை ஒரு பூசாரியை மட்டும் விளக்கேற்ற விடுவார்கள். மற்றபடி பூட்டுத்தான். எங்கள் பஸ்ஸுக்கு மட்டும் தாராளமாகப் பெர்மிட் கொடுத்தார்கள், தங்கள் தோட்டத்தில் பாரம்பரியம் இருக்கிறது என்று நாலு பேருக்குக் காட்டிக்கொள்ள வேண்டுமே! “உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் வரும் குழு” என்று அந்தப் பெர்மிட்டில் இருக்கும். இந்த லட்சணத்தில் எங்கள் ஏஜென்சி தாளில் எழுதியது, கைவிடப்பட்ட கோயில் என்று. தாயை அறைக்குள் பூட்டி வைத்துவிட்டு, பெற்ற பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்வார்களே, அந்த மாதிரி. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

ஒரு ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. கப்பலில் வந்திறங்கிய குழு ஒன்று. பெரும்பாலும் வயதானவர்கள். மதியம் கப்பல் கிளம்பிவிடும் என்பதால் அதற்குள் துறைமுகத்தில் கொண்டு விட வேண்டும். கப்பல் குழுவை நடத்தியவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு நம் வயிற்றில் நெருப்புத்தான். ஒரு இடத்தில் பிந்தினால் எல்லா இடத்திலும் பிந்தும்.

கேட்டை நெருங்கும்போதே உறுமி மேளச் சத்தம் கேட்டது. மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் கேட்டுக்கு வெளியே வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தலையிலும் வேப்பிலை சுற்றிய பால்குடம். பின்னால் ஆண்கள், பிள்ளைகள், மேளக்காரர்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் குதூகலமாகிவிட்டார்கள். எல்லாரும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். இது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா, நீ ஏற்பாடு பண்ணினாயா என்று ஒருவர் என்னைப் பாராட்டவும் செய்தார்.

கேட்டில் காவலுக்கு இருந்த ஜாகா ஒரு நேப்பாளி இளைஞன். எங்கள் பஸ்ஸைப் பார்த்ததும் கேட்டைத் திறந்தான். ஒரு கையால் பஸ்ஸை வா வா என்று அழைத்தான், இன்னொரு கையால் குடம் சுமந்த பெண்களை ஓரமாகப் போகச் சொன்னான். டிரைவரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினேன். பஸ் நின்றதும் ஜாகா கேட்டை மறுபடி சாத்திவிட்டான்.

முன்னால் நின்ற பெண்ணின் பெயர் அஞ்சலை. ஐம்பதைத் தாண்டிய வயது. அந்தத் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டத்திலேயே கல்யாணம் கட்டி, இப்போது புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பக்கத்தில் ஊன்றுகோலோடு அவள் மகன். நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிள் விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தவன். டாக்டர்கள் கையை விரித்தபோது, இந்த அம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வேண்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை எழுந்து நடந்துவிட்டான். முந்தின வருடமே குடம் எடுக்க வேண்டியது, உள்ளே விடவில்லை. டவுனில் வேறு ஒரு கோயிலில் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறாள்.

“ஊத்தினேன்கா, ஆனா மனசு ஆறல. நான் வேண்டிக்கிட்டது இவகிட்ட. வேற இடத்துல கொடுத்தா இவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்?”

இந்த வருடம் ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். வாங்க, பாக்கலாம் என்று யாரோ வாயால் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி, மெயின் ரோட்டோரத்து முனியாண்டி சந்நிதியில் குடத்தைத் தலையில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேலும் கோபம் வந்தது. கேட் திறக்குமா என்று பார்த்துவிட்டு அல்லவா குடத்தை ஏற்ற வேண்டும் என்று அவர்களோடு நின்ற பூசாரியிடம் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். குடம் தலைக்கு ஏறிவிட்டால் யாரும் மறிக்க மாட்டார்கள் என்று நினைத்தார்களாம். அந்தக் காலத்தில் பால்குடம் வந்தால் வெள்ளைக்காரத் துரையே மோட்டார்சைக்கிளை ஓரங்கட்டி இறங்கி நிற்பானாம். நல்லா நம்பினார்கள் போங்கள். நாமாக இருந்தால் வக்கீலைக் கேட்டிருப்போம், ஓட்டு வாங்கிப் போன தொகுதி ஒய்பியைப் பிடித்திருப்போம். குடத்தைத் தூக்கினால் கேட் திறக்கும் என்று தோட்டத்துச் சனத்தைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாது.

ஏற்றிய குடத்தைச் சாமி முன்னால்தான் இறக்க வேண்டும். நடுவில் கீழே வைத்தால் வேண்டுதல் முறிந்துபோனதாகத்தான் கணக்கு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அஞ்சலை குடத்தைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டே இருந்தாள். எல்லாரையும் என் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சொன்னேன். குடம் இருந்ததால் தலையை ஆட்ட முடியாமல் ஒரு கையை மட்டும் ஆட்டி அஞ்சலை மறுத்தாள். வாகனத்தில் ஏறக் கூடாது, நடந்துதான் போக வேண்டும்.

அதற்குள் தோட்டத்து உதவி மேனேஜர் பிக்கப்பில் வந்து இறங்கினான். நம்ம ஆள்தான். நெற்றியில் திருநீறு வேறு. வாட்டசாட்டமான, மரியாதை தெரிந்த பையன். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

“அக்கா, நீங்க உள்ள போங்க லா. உங்களுக்குப் பெர்மிட் இருக்கு. இவங்களுக்கு இல்ல. கம்பெனி ரூல், எஸ்ஓபி அப்படி. எனக்கும் மேல ஆள் இருக்கு.”

தம்பி, இவர்கள் கட்டிய கோயில் இது என்றேன். தெரியும் என்றான். இவர்கள் வீட்டு ஆட்கள் உள்ளே இருக்கும் சுடுகாட்டில்தான் கிடக்கிறார்கள் என்றேன். அதுவும் தெரியும் என்றான். தெரியாமல் செய்கிறவனைக்கூட மன்னித்துவிடலாம், எல்லாம் தெரிந்துகொண்டே எஸ்ஓபி என்று சொல்கிறவனை என்ன செய்வது? என் கைப்பேசி வேறு அடித்துக்கொண்டே இருந்தது. ஏஜென்சியிலிருந்துதான். எங்கே இருக்கிறாய், கப்பல், கப்பல் என்று ஒரே பாட்டு.

பஸ்ஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி இறங்கி வந்தாள். என்ன நடக்கிறது என்று கேட்டாள். சுருக்கமாகச் சொன்னேன். கோயில் அவர்களுடையது என்றால் நாங்கள் ஏன் உள்ளே போகலாம், அவர்கள் ஏன் போகக் கூடாது என்று கேட்டாள். எத்தனை வருட அனுபவம் எனக்கு! எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் நின்றதில்லை. அன்றைக்கு என் கை பையிலிருந்த பெர்மிட்டைத்தான் தேடியது.

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும், அதனால் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். பஸ் உள்ளே போனால் யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. விருந்தினர்கள் போலீஸ்காரச் சிலையைப் படம் எடுப்பார்கள், நான் வழக்கமான கதையைச் சொல்வேன், கப்பலுக்கும் நேரத்துக்குப் போய்விடுவேன். வெளியே அஞ்சலை குடத்தை இறக்கி வைப்பாள். தோட்டத்துச் சனங்களின் பக்தியைப் பற்றி நான் உள்ளே வெள்ளைக்காரர்களிடம் உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே அது நடந்திருக்கும். நினைக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்புதான் முடிவு பண்ணியது, வேறு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

பெர்மிட்டைப் பையிலிருந்து எடுத்து உதவி மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினேன். வழிகாட்டியோடு வரும் குழு என்றுதான் இருக்கிறது. எத்தனை பேர் என்று இல்லை. எந்த நாட்டுக்காரர் என்று இல்லை. பஸ்ஸில்தான் வர வேண்டும் என்றும் இல்லை.

“இவங்க எல்லாரும் என் குரூப். நான் வழிகாட்டி, நான்தான் கூட்டிட்டுப் போறேன். ஒரு பழக்குலை காணாமப் போனாக்கூட என் லைசன்ஸப் பிடுங்கிக்கோ.”

அவன் சிரித்தான். விளையாடாதீர்கள் என்றான். பிறகு என் விருந்தினர்களின் சட்டையைப் பார்த்தான். குழுவில் யாரும் தொலைந்துபோகாமல் இருக்க, ஏஜென்சியின் மஞ்சள் வட்ட ஸ்டிக்கரை ஒவ்வொருவர் தோளிலும் ஒட்டியிருப்போம் அல்லவா? உங்கள் குழு என்றால் இவர்களுக்கு ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டான். கெட்டிக்காரன்தான். நானும் விடவில்லை. பையில் ஸ்டிக்கர் சுருள் இருந்தது. ஒன்றை உரித்துக்கொண்டு அஞ்சலையிடம் போனேன். கேட் திறக்கப் போகிறது என்ற அவசரத்தில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தோளில் ஒட்டக் கையை நீட்டிவிட்டேன்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

“வேணாங்கா. நான் சுத்திப் பாக்க வரல. நான் இங்க பொறந்தவ.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இன்னும் அரை மணி நேரம் நின்றால் விழுந்துவிடுவாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு தன் அம்மனிடம் போக மாட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானம் அப்படியே கோபமாகத் திரும்பியது.

உரித்த ஸ்டிக்கரை என் சட்டையிலேயே ஒட்டினேன். அடுத்ததை உரித்து அதையும் ஒட்டினேன். கை, தோள், வயிறு என்று குடம் எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனேன். அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த கிழவி, நடுரோட்டில், பைத்தியக்காரி மாதிரி. மேளக்காரர்களுக்கும் சேர்த்து ஒட்டினேன்.

“இந்தா, எல்லாரோட ஸ்டிக்கரும் என் மேல இருக்கு. எண்ணிக்கோ தம்பி.”

அவன் எண்ணவில்லை. அவன் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். என் விருந்தினர்கள் எல்லாரும் பஸ்ஸைவிட்டு இறங்கி வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூடிய கேட், குடத்தோடு நிற்கும் பெண்கள், நெற்றியில் திருநீறோடு வழி மறிக்கும் உதவி மேனேஜர், எல்லாம் அந்தக் கைப்பேசிகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. ஜாகாவிடம் கேட்டை முழுசாகத் திறக்கச் சொல்லிவிட்டுப் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டான். இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என் வாதத்துக்காக அவன் திறக்கவில்லை, அஞ்சலைக்காகவும் திறக்கவில்லை. யாரோ வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போய் எதையாவது போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் திறந்தான். குடத்துக்குத் திறக்காத கேட் கைப்பேசிக்குத் திறந்தது. வாழ்க பாரம்பரியம்!

நடந்தே உள்ளே போனோம். முன்னால் குடங்கள், நடுவில் மேளம், கடைசியில் நானும் விருந்தினர்களும். செம்பனை நிழலில் பழைய மண் பாதை. அஞ்சலைக்கு வழி சொல்ல யாரும் தேவைப்படவில்லை. கோயில் வாசலில் பூசாரி குடத்தை இறக்கி வாங்கி அம்மனுக்குப் பாலை ஊற்றியபோது, அஞ்சலை தன் மகனின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தி, பாரு, பாரு என்று அம்மனிடம் காட்டினாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அங்கிருந்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். இந்தச் சடங்குக்கு என்ன அர்த்தம் என்று ஒரு விருந்தினர் மெல்லக் கேட்டார். இப்போது எதுவும் கேட்காதீர்கள் என்று சொன்னேன். என் தொழில் வாழ்க்கையில் ஒரு விருந்தினரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கப்பலைப் பிடித்துவிட்டோம், மயிரிழையில். ஆனால் ஏஜென்சி என்னை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. தோட்டத்து நிறுவனம் புகார் செய்ததாம். போகட்டும், வேறு ஏஜென்சி கிடைத்தது. அதைவிடப் பெரிய வேடிக்கை அடுத்த வருடம் ஆடிக்கு முன்னால் நடந்தது. அதே உதவி மேனேஜர் என்னைக் கூப்பிட்டான். மேலிடத்தில் பேசி ஒரு வழி பண்ணியிருப்பதாக உற்சாகமாகச் சொன்னான். கோயில் ஆட்கள் திருவிழாவுக்கு உள்ளே வரலாமாம். ஒரே ஒரு நிபந்தனை, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் கூட வந்து பொறுப்பேற்க வேண்டுமாம்.

போனிலேயே அவனைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டேன். அங்கே பிறந்தவர்களுக்கு அவர்கள் கோயிலைக் காட்ட ஜார்ஜ்டவுனிலிருந்து கிராணி வீட்டுப் பெண் வர வேண்டுமா? வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவன் பாவம், உண்மையிலேயே எனக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டு நேராக அஞ்சலை வீட்டுக்குப் போய் இதைச் சொல்லி, ஒத்துக்கொள்ளாதீர்கள், சண்டை போடுவோம் என்றேன். அவள் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சண்டை போடுவோங்கா. போட்டுக்கிட்டே இருப்போம். ஆனா ஆடி காத்திருக்காது. உங்க லைசன்ஸ் அட்டையக் காட்டினாத்தான் கேட் தொறக்கும்னா அட்டையோட வாங்க. எங்களுக்கு ஒண்ணும் விளக்கிச் சொல்ல வேணாம், கூட நடந்தாப் போதும்.”

அதிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் போகிறேன். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கேட்டில் நிற்பேன். ஜாகா அட்டையைப் பார்ப்பான். குடங்கள் உள்ளே போகும். நான் கடைசியாக, வாயைத் திறக்காமல் பின்னால் நடப்பேன். இடையில் மனு மேல் மனு கொடுத்தாயிற்று. ஒய்பி வந்து டீ குடித்துவிட்டு ஆவன செய்வதாகச் சொல்லிப் போனார், போனவர் போனவர்தான். கோயில் கமிட்டி இப்போது வக்கீல் வைத்து வழக்குப் போட்டிருக்கிறது. இழுத்துக்கொண்டு கிடக்கிறது. ஜெயிக்கட்டும். ஜெயிக்கும் வரை எனக்கு இந்தக் கோபம் அடங்காது, அடங்கவும் கூடாது.

ஆனால் என் முழங்கால் அடங்கிவிட்டது. இந்த வருடம் என் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. கையில் இருப்பது காலாவதியான அட்டை, அது அந்த கேட்டைத் திறக்காது. அஞ்சலையிடம் சொன்னபோது, வேறு யாராவது வருவார்களா என்று கேட்டாள். அவளுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், அந்தப் பிள்ளைக்காக இந்த வருடமும் குடம் எடுக்கிறாள். மகன் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வரப் போகிறான். ஆள் இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமலே சொன்னேன்.

சம்பளம் கிடையாது. டிப்ஸ் கிடையாது. பேசத் தெரிய வேண்டியதில்லை. அன்றைக்குச் செல்லுபடியாகும் உரிமம் ஒன்று கழுத்தில் தொங்க வேண்டும், காலில் செருப்பு இருக்கக் கூடாது. ஆடி மூன்றாவது ஞாயிறு, விடிந்ததும் குடம் ஏறிவிடும். யார் வருகிறீர்கள்?